இன்றிரவு யார், எங்கே வாசிக்கிறார்கள்: நியூ ஆர்லியன்ஸின் ‘ஓஸ்’ வானொலி

மார்ச் நடுப்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை, கோத்தகிரியில் மாலை 7.30 மணி ஆகும்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் காலை 9 மணி. அரவேணுவில் உள்ள என் வீட்டின் முன்னறையில் விளக்கைப் போட்டு, சன்னலைச் சாத்தி, கிளாரினெட்டைக் கம்பளித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் டபிள்யூ டபிள்யூ ஓ இசட் என்னும் வானொலியைத் திறப்பது நான்கு ஆண்டுகளாக என் வழக்கம். நீளமான அந்தப் பெயரை அவ்வூரார் ‘ஓஸ்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன். மணி ஆனதும் ஒரு குரல் வந்து, அன்றைக்கு ஊரில் எந்தெந்த இடத்தில் யார் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று சொல்லத் தொடங்கும். இடம், குழு, நேரம். மறுபடியும் இடம், குழு, நேரம். திருவிழாவோ பண்டிகையோ இல்லாத வெறும் செவ்வாய்க்கிழமையிலும் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த இடங்களில் ஒன்றுக்குக்கூடப் போக வழியில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலைத் தவறவிட்டால் அன்றைய மாலை நிறைவாக இருப்பதில்லை.

கட்டணம் கேட்காத, விளம்பரம் போடாத ஒரு சேவைக்கு மதிப்புரை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். குன்னூரில் தேவாலயப் பேண்டு வாத்தியக் குழு ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில், டிரம்பெட்டோ கிளாரினெட்டோ டிராம்போனோ கையில் எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளேயே கிடைக்காது என்று நான் நம்புகிறேன். ஜாஸ் என்றால் நட்சத்திர விடுதியின் வரவேற்பறையில் மெல்லக் கசியும் இசை என்றோ, பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்றோ நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நானும் அப்படி எண்ணியிருந்தவன்தான். அந்த எண்ணத்தை இந்த வானொலி எப்படி மாற்றியது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஓஸ் முதன்முதலில் ஒலிபரப்பானது 1980ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள். டெக்சஸ் மாநிலத்திலிருந்து வந்த வால்டர் பிராக், ஜெரி பிராக் என்னும் சகோதரர்கள் அதைத் தொடங்கினார்கள். தொடக்க காலத்தில் அதன் ஒலிப்பதிவுக் கூடம் டிப்பிட்டினாஸ் என்னும் இசை விடுதியின் மாடியில் இருந்தது. அந்த விடுதியே புரொஃபசர் லாங்ஹேர் என்று ஊர் கொண்டாடிய பியானோ கலைஞருக்கு முதுமையில் வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக 1977இல் திறக்கப்பட்டது. அவர் 1980 ஜனவரியில் இறந்துபோனார், அதே ஆண்டின் கடைசியில் வானொலி பேசத் தொடங்கியது. கீழே கச்சேரி நடக்கும் இரவுகளில், மாடித் தரையில் இருந்த துளை வழியாக ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவிட்டு, நடப்பதை நடக்கும்போதே ஒலிபரப்பினார்கள் என்பது அவ்வானொலியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பணம் இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி அது. ஆனால் அந்த வானொலி என்னவாக வளரப் போகிறது என்பது அந்தத் துளையிலேயே தெரிந்துவிட்டதாக எனக்குத் தோன்றும்.

பின்னர் ஓஸ், டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் தாங்கிய பூங்காவுக்குள் குடிபெயர்ந்து அங்கே இருபது ஆண்டுகள் இருந்தது. காங்கோ சதுக்கம் இருப்பதும் அந்தப் பூங்காவுக்குள்தான். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மேளம் அடித்து ஆடிய வெளி அது. 1817இல் நகர நிர்வாகம் அவர்கள் கூடுவதற்கு அந்த ஓர் இடத்தை மட்டும் ஒதுக்கிச் சட்டம் போட்டது. வேறெங்கும் கூடக் கூடாது என்று அடைக்கப்பட்ட மக்களின் தாளம் அந்த அடைப்புக்குள்ளேயே தங்கிப் பெருகி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில் படைவீரர்கள் வாசித்த பித்தளை வாத்தியங்களோடும் தேவாலயப் பாடல்களோடும் கலந்தது. அப்படிக் கலந்ததில்தான் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாஸ் பிறந்தது. இன்று இந்த வானொலியின் உரிமம் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அண்ட் ஹெரிட்டேஜ் அறக்கட்டளையிடம் உள்ளது. நேயர்கள் விரும்பிக் கொடுக்கும் உறுப்பினர் தொகைதான் அதன் முக்கிய வாழ்வாதாரம். நிகழ்ச்சி நடத்துபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் பேசும் விதத்திலேயே அது தெரியும். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அதில் டிராம்போன் வாசித்தவரைச் சென்ற வாரம் காய்கறிக் கடையில் பார்த்ததாகச் சொல்வார்கள். அவருக்கு உடம்பு தேவலையா என்று அங்கேயே விசாரிப்பார்கள். கோடை பண்பலை 100.5இல் தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று காத்திருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நெருக்கம் உடனே பிடிபடும்.

வாரநாட்களில் அவர்களுடைய காலை 9 மணிக்கு மரபு ஜாஸ் தொடங்குகிறது. அதாவது நமக்கு மாலைச் சமையல் முடியும் நேரம். அங்கே பகல் ஒளி நேரக் கணக்கு மாறும் குளிர்காலத்தில் 8.30 ஆகிவிடும். பிற்பகலை நெருங்கும்போது நகரத்தின் எல்லா வகை இசையும் கலந்து வரும்: பித்தளைக் குழுக்கள், ரிதம் அண்ட் புளூஸ், ஃபங்க், ஐர்மா தாமஸ், ஆலன் டூசாண்ட் போன்ற பெரிய கலைஞர்கள். அதன்பின் புளூஸ், அதன்பின் நவீன ஜாஸ். ஞாயிறன்று நற்செய்திப் பாடல்களும், லூசியானா கிராமப்புறத்தின் அக்கார்டியன் இசையும் உண்டு. எல்லாவற்றையும் நான் கேட்பதில்லை. என் நேரம் மாலையின் முதல் இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது ஒன்றே ஒன்று. மரபு ஜாஸில் டிரம்பெட்டோ அதைப்போன்ற சிறு வாத்தியமான கார்னெட்டோ மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். கிளாரினெட் அதற்கு மேலே கொடிபோலப் படர்ந்து ஓடும். டிராம்போன் கீழே நின்று சறுக்கிச் சறுக்கி அடித்தளம் போடும். மூவரும் ஒரே நேரத்தில், எழுதி வைக்காததை வாசிக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. நம் பேண்டு வாத்தியக் குழுக்களில் எல்லோரும் ஒரே மெட்டை ஒரே சுரத்தில் ஓங்கி வாசிப்பதுதான் வழக்கம். ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக மேடையில் கிளாரினெட்டைத் தனி வாத்தியமாக நிறுத்தியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். தனியாக வாசிக்கும்போது அந்த வாத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவரிடம் அறிந்தேன். கூட்டத்துக்குள் இருந்துகொண்டு பிறருக்கு வழிவிட்டே எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த வானொலியில்தான் அறிந்தேன்.

கூடவே வாசிக்க விரும்புகிறவர்களுக்கு மலைவாசியாக ஒரு குறிப்பு. குளிரில் காற்று வாத்தியங்களின் சுரம் இறங்கிவிடும். அறையின் வெப்பம் பத்துப் பாகை குறைந்தாலே அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீழே போய்விடும். ஜனவரியில் கோத்தகிரியில் அப்படியே எடுத்து ஊதினால் வானொலியில் வரும் கிளாரினெட்டோடு நம்முடையது சேரவே சேராது. அதனால்தான் கம்பளித் துணி. கால் மணி நேரம் மடியில் சூடேற்றி, சுரமே எழுப்பாமல் உள்ளே வெறும் மூச்சை விட்டு, பிறகுதான் நான் முதல் சுரத்தைத் தொடுவேன்.

இந்த வானொலியை மற்ற இணைய ஜாஸ் வானொலிகளிலிருந்து பிரித்து நிறுத்துவது, முதல் பத்தியில் சொன்ன அந்தப் பட்டியல். அதற்கு ‘லைவ்வயர்’ என்று பெயர். ஒற்றைப்படை மணி தோறும் அதை வாசிக்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளை மட்டும் வரிசையாகப் போடும் வானொலிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் நியூ ஆர்லியன்ஸ் ஓர் இறந்துபோன நகரம்போலவே ஒலிக்கும். இசைத்தட்டை மட்டும் நம்பினால் அந்த நகரத்தின் கதையே நமக்குத் தவறாகத்தான் கிடைக்கும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஜாஸின் மூலவர் என்று ஊரே சொல்லும் கார்னெட் கலைஞர் பட்டி போல்டனின் வாசிப்பில் ஒரு வினாடிகூட இன்று நம்மிடம் இல்லை. 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் 1931இல் அங்கேயே இறந்தார். ஜாஸ் என்ற பெயரோடு முதன்முதலில் 1917இல் வெளிவந்த இசைத்தட்டு, நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர் ஐவர் நியூயார்க்கில் வாசித்துப் பதிந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் ஊரைவிட்டுச் சிகாகோவுக்குப் போனது 1922இல். ஹாட் ஃபைவ் என்னும் அவர் குழுவின் புகழ்பெற்ற பதிவுகள் 1925 முதல் அங்கேதான் செய்யப்பட்டன. ஆக, அந்த ஊர்த் தெருவில் அந்த இசை பிறந்த ஆண்டுகளின் ஒலி தட்டில் ஏறவே இல்லை. அது அப்பனிடமிருந்து மகனுக்கும், பக்கத்து வீட்டு மாமாவிடமிருந்து பையனுக்கும் கைமாறி வந்திருக்கிறது. இன்று இரவு எங்கோ ஒரு திண்ணையில் யாரோ வாசித்தால்தான் நாளைக்கும் அது இருக்கும். எந்தத் திண்ணை என்று ஊராருக்குச் சொல்லும் வேலையைத்தான் ஓஸ் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறது.

பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். ஃபிரெஞ்ச்மென் தெருவில் வரிசையாக இருக்கும் சிறு விடுதிகள். 1961இல் திறந்த பிரிசர்வேஷன் ஹால்: மதுவும் உணவும் விற்காத ஒரு சிறிய கூடம், சில பெஞ்சுகள், மற்றவர்களுக்குத் தரை. அதை வளர்த்தெடுத்த ஆலன் ஜாஃபி தாமே டியூபா என்னும் பெரிய பித்தளைக் குழல் வாசித்தவர். வெளியூரிலிருந்து வந்த அவரும் அவர் மனைவி சாண்ட்ராவும், வேலை வாய்ப்பின்றி வீட்டில் முடங்கியிருந்த முதிய கலைஞர்களை இரவுதோறும் அழைத்து உட்கார வைத்தார்கள். ரீபர்த் என்னும் பித்தளைக் குழு நெடுங்காலம் செவ்வாய் இரவுகளில் வாசித்துவந்த மேப்பிள் லீஃப் விடுதி. பட்டியலில் பெயர் வந்தால் அன்றைக்கு நாலு பேர் கூடுதலாக வருவார்கள். அதில் வாசிப்பவரின் வீட்டு வாடகை அடங்கியிருக்கிறது. கலையைப் போற்றுகிறோம் என்று மேடையில் சால்வை போர்த்துவதைவிட இது ஆயிரம் மடங்கு மரியாதை என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது ‘செகண்ட் லைன்’ ஊர்வலம். சமூக நல மன்றங்கள் என்று சொல்லத்தக்க சங்கங்கள் அந்த நகரில் பல உண்டு. உறுப்பினரின் மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் சந்தா சேர்த்து வைப்பதற்காக, கறுப்பின மக்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட சங்கங்கள் அவை. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை பித்தளைக் குழுவோடு நான்கு மணி நேரம் தெருத்தெருவாக ஆடிப்போகும். சங்கத்தாரும் வாத்தியக்காரரும் முதல் வரிசை. பின்னால் சேர்ந்துகொள்ளும் ஊர் மக்கள் இரண்டாம் வரிசை. எந்தத் தெருவில் புறப்பட்டு, எங்கே நின்று, எங்கே முடியும் என்பதை வானொலி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மாரியம்மன் தேர் எந்த வழியாக வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டு வாசலில் கோலம் போடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடக்கத்துக்கும் அதே குழுதான். கல்லறைக்குப் போகும் வரை மெல்லிய சோக நடை. உடலை அனுப்பிவைத்தபின் மேளத்தின் கட்டு அவிழ்ந்து, தாளத்தின் நான்காம் அடியில் பெருமேளம் அழுந்தி விழ, தெருவே ஆடத் தொடங்கும். அந்தச் சோக நடையை ஒருநாள் மாலை கேட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும்.

கோத்தகிரிக்குப் பெயர் கொடுத்த கோத்தர்களின் ஊரான கோக்காலிலிருந்து பெரியவர் ஒருவர் என் வீட்டுக்கு வருவது உண்டு. இளமையில் கொள் வாசித்தவர். கொள் என்பது நம் நாதசுரம்போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் குழல். தபட்க் என்னும் பறையும், நீள்மேளங்களும், வளைந்த பித்தளைக் கொம்பும் அதற்குத் துணை. நீலகிரியில் கோத்தர்களின் ஊர்கள் ஏழு. முற்காலத்தில் தோடர், படகர் வீட்டுச் சாவுகளுக்கும் இவர்களே போய் வாசித்திருக்கிறார்கள். அன்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வானொலியில் டிரம்பெட் இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலம் தெரியாதவர், ஜாஸ் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே காது கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யாரு தவறிட்டாங்க, மாஸ்டர்?” என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. யாரும் இல்லை ஐயா, வானொலியில் வருகிறது என்றேன். அவர் முகம் மாறியது. கோத்தர் இசையில் தெய்வத்துக்கு உரிய கொள் மெட்டு வேறு, ஆட்டத்துக்கு உரிய கொள் மெட்டு வேறு, துக்கத்துக்கு உரிய கொள் மெட்டு வேறு. துக்கக் கொள் மெட்டைச் சாவு இல்லாத வீட்டில் விளையாட்டுக்குக்கூட வாசிக்கக் கூடாது. வாசித்தால் சாவை அழைத்ததாகும். “சாவு இல்லாம இதை எதுக்குப் போடுறாங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மெட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசினார்: அந்த வாரம் இறந்துபோன முதிய கலைஞர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் யார் யாருடன் வாசித்தார் என்று சொல்லி, ஊர்வலம் எந்த நாள், எந்தத் தேவாலய வாசலிலிருந்து புறப்படும் என்பதையும் சொன்னார். நான் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னேன். பெரியவர் அப்போதுதான் உட்கார்ந்தார். “அப்படின்னா சரி. பேர் சொல்லித்தான் போடுறாங்க” என்று தேநீரை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் அந்த வானொலியைக் கேட்கும் விதம் மாறிவிட்டது. அடக்க இசையை நல்ல மெட்டு என்று ரசித்துவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. யாருக்கு என்று காத்திருந்து கேட்கிறேன். எல்லா ஊர் இசையையும் எடுத்து ஒலிபரப்பிவிட்டால் மரபு காப்பாற்றப்பட்டுவிடும் என்று முன்பு எண்ணியிருந்தேன். துக்கக் கொள் ஒலிபரப்பாகாமல் இருப்பதே அதற்குரிய பாதுகாப்பு என்பதை அந்தப் பெரியவரிடம் கற்றேன். தம் துக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஊரோடு ஆடுவது நியூ ஆர்லியன்ஸ் மக்களே தேர்ந்துகொண்ட வழி. அதனால்தான் ஓஸ் அதை ஒலிபரப்புவது பொருந்துகிறது.

2005 ஆகஸ்ட் 29இல் கேத்ரினா சூறாவளி கரையேறி, வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியபோது ஓஸ் மௌனமானது. நியூ ஜெர்சியில் உள்ள டபிள்யூ எஃப் எம் யூ என்னும் மற்றொரு நேயர் வானொலி கைகொடுக்க, நாடு கடத்தப்பட்ட வானொலி என்ற பெயரோடு சில நாட்களிலேயே இணையத்தில் அது மறுபடியும் ஒலிக்கத் தொடங்கியது. பின்னர் பேட்டன் ரூஜ் நகரிலிருந்தும், அதன்பின் நியூ ஆர்லியன்ஸின் பழைய ஃபிரெஞ்சுப் பகுதிக்கே திரும்பியும் ஒலிபரப்பியது. அந்த நாட்களில் அதன் இணையதளத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது: எந்தெந்தக் கலைஞர் உயிரோடு இருக்கிறார் என்ற பட்டியல். இன்றிரவு யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, யார் பிழைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் வேலை வந்து சேர்ந்தது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்து, சாலைகள் அறுந்து, உறவினர் வீட்டுக்கு ஆள் அனுப்பவும் வழியின்றி நாங்கள் இருந்த நாட்களை நினைத்துக்கொண்டால், பெயர் பெயராக வாசிக்கப்படும் ஒரு பட்டியலின் மதிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. திரும்பி வந்த கலைஞர்களுக்காக, இசைக் குடும்பங்களைச் சேர்ந்த பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் முதலியோரின் முயற்சியில், நைன்த் வார்ட் பகுதியில் 72 வீடுகள் கொண்ட இசைக்கலைஞர் குடியிருப்பு எழுந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கான இசை மையம் பிரான்ஃபோர்டின் தந்தை, பியானோ ஆசிரியர் எல்லிஸ் மார்சாலிஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஆசிரியன் என்பதால் இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. டேனி பார்க்கர் பாஞ்சோவும் கிட்டாரும் வாசித்தவர். நியூயார்க்கில் பெரிய குழுக்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, பித்தளைக் குழுக்களில் இளைஞர் எவரும் சேராமல் இருப்பதைக் கண்டார். 1970ஐ ஒட்டி ஃபேர்வியூ என்னும் தேவாலயத்தில் பிள்ளைகளைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். அந்தப் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் அடுத்தடுத்துக் குழுக்கள் தொடங்கினார்கள்: டர்ட்டி டஜன் 1977இல், ரீபர்த் 1983இல். ஓஸ் வானொலியில் இந்த மூன்று தலைமுறையையும் ஒரே மாலையில் கேட்கலாம். மெட்டு வேகமாகும், டியூபா துள்ளும், இளைஞர்கள் தங்கள் காலத்துப் பாட்டுகளை உள்ளே கொண்டுவருவார்கள். ஆனால் அந்த நான்காம் அடி மட்டும் இடம் மாறாது. என் தேவாலயக் குழுவில் எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்க்கர் எத்தனை பேரோடு தொடங்கினாரோ, எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

இனிப் பயன்படுத்துபவருக்கு வேண்டிய செய்திகள். கைப்பேசிச் செயலியிலும் இணையதளத்திலும் கேட்கலாம். பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. 128 கிலோபிட் அளவிலான ஒலியோடை எதுவானாலும் மணிக்கு ஏறக்குறைய 58 மெகாபைட் செலவாகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு இன்றைய தரவுத் திட்டங்களில் அது பெரிய சுமை இல்லை. தொல்லை கொடுப்பது மலையில் அலைவரிசை கிடைப்பதுதான். என் வீட்டில் கிழக்குப் பார்த்த சன்னலோரத்தில் மட்டுமே இணையம் நிற்கும். பருவமழையில் அதுவும் நிற்காது. என் தொலைபேசி நிறுவனத்திடம் பலமுறை சொல்லியும் கோபுரம் இருக்கும் மேட்டில் மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. அதனால் பழைய நிகழ்ச்சிகளைக் கேட்கும் வசதி எனக்குப் பெரிய துணை. ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் இரண்டு வாரம் வரை இணையதளத்தில் இருக்கும். விட்டுப்போனதைக் காலையில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழிந்தால் போய்விடும் என்பது ஒருவகையில் நல்லதே. சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

நேயர்களிடம் நிதி திரட்டும் வாரங்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வரும். அப்போது பேச்சு கூடுதலாகவும் பாட்டு குறைவாகவும் இருக்கும். முதன்முறை கேட்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு வேறு வாரத்தில் தொடங்குவது நல்லது. அறிவிப்பாளர்களின் ஆங்கிலம் அந்த ஊர் இழுவையோடு வேகமாக இருக்கும். முதல் மாதம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. தெருப் பெயர்கள் ஃபிரெஞ்சில் எழுதப்பட்டு, அவ்வூர் வாய்க்கு ஏற்ப உச்சரிக்கப்படுபவை. ஒலிபெருக்கி விஷயத்தில் ஒரு வார்த்தை: கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் டியூபாவும் பெருமேளமும் காதிலேயே விழாது, அவை இல்லாமல் இந்த இசைக்குக் கால் இல்லை. விலை குறைந்ததாயினும் கொஞ்சம் கனமான ஒலிபெருக்கி ஒன்றில் இணைத்துக் கேளுங்கள். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் நடக்கும் ஜாஸ் அண்ட் ஹெரிட்டேஜ் விழா நாட்களில் மைதானத்திலிருந்தே நேரடி ஒலிபரப்பு உண்டு. அந்த விழா 1970இல் காங்கோ சதுக்கத்தில் சில நூறு பேரோடு தொடங்கியது. அந்த நாட்களில் நம் பக்கம் ஊட்டி மலர்க் காட்சிக்கும் குன்னூர் பழக் காட்சிக்கும் ஆயத்தம் நடந்துகொண்டிருக்கும். கூட்டம் மலை ஏறத் தொடங்குமுன் வீட்டில் அடங்கி இரவு முழுக்கக் கேட்க அது தோதான காலம்.

சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அரை மணி நேரம் இந்த வானொலியைக் கேட்டுவிட்டுத்தான் பேருந்துக்குப் போவார்கள். கிளாரினெட் படிக்கும் மாணவி ஒருத்தி, பன்னிரண்டு வயது, பட்டியல் வாசிக்கப்படும்போது நோட்டில் எழுதிக்கொண்டே வருவாள். சென்ற மாதம் ஒருநாள், “நம்ம ஊர்ல இந்த வாரம் யாரு எங்க வாசிக்கிறாங்க, மாஸ்டர்?” என்று கேட்டாள். எனக்கு உடனே தெரியவில்லை. மறுவாரம் ஆளுக்கு ஒருவராக விசாரித்துக்கொண்டு வரச் சொன்னேன். இப்போது வகுப்பறைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். போன சனிக்கிழமை அதில் நான்கு வரி இருந்தது: கீழ்க் குன்னூரில் ஒரு திருமண வரவேற்பில் நாதசுரம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக் கோயிலில் பறை, ஒரு படகர் ஊர்ப் பண்டிகையில் ஆட்டத்துக்கு வாத்தியம், ஞாயிறு ஆராதனையில் எங்கள் குழு. அவள் எழுந்து நின்று, அந்த அறிவிப்பாளர் வாசிக்கும் அதே நிதானத்தில், இடம், பெயர், நேரம் என்று நான்கையும் வாசித்தாள்.